ரசமட்டம்

"கழற்றி மறுபடி அடி" என்றாள் ஜோசஃபின்.

டொமினிக் மேஸ்திரி ரசமட்டத்தைச் சுவரில் அடித்திருந்த மரச்சட்டத்தின் மேல் வைத்துக் காட்டினான். குமிழி நடுவில் நின்றது.

"பாருங்கம்மா. நூலளவும் பிசகலை."

"குமிழி நடுவிலே நின்னா எனக்கென்ன? இந்தக் கோடியிலே சட்டம் என் இடுப்புக்கு இருக்கு. அந்தக் கோடியிலே நெஞ்சுக்கு வருது."

"சட்டம் நேர்தாம்மா. உங்க தரைதான் சரிவு. ஹாலிலேருந்து சாப்பாட்டு ரூம் படி வரைக்கும் ஆறு அங்குலம் இறங்குது."

"அப்போ சட்டமும் இறங்கட்டும்."

ரிச்மண்ட் டவுனில் அது அறுபது வருஷத்து வீடு. கல்லும் மண்ணும் வைத்துக் கட்டியது. சுவர் நடுவில் வயிறு தள்ளியிருக்கும். கன்டோன்மென்ட் பகுதியான தண்டில் அந்த வருஷம் சுவருக்கு இடுப்பளவு தேக்குப் பலகை அடித்து, மேலே ஒரு சட்டம் ஓட்டுவதுதான் நாகரிகம். பங்களாக்காரர்கள் அடித்தார்கள். ரிட்டையரான ஹெட் கிளார்க் கிளாரன்ஸ் வீட்டுக்கு அது எதற்கு என்று தெருவே கேட்டது. அவர் மனைவி ஜோசஃபின் பிடித்த பிடியை விடவில்லை.

டொமினிக்குக்கு இந்த வேலை சரியாக அமைந்தாக வேண்டும். கிளாரன்ஸின் தங்கை நோரா, காக்ஸ் டவுனில் புதுவீடு கட்டியிருந்தாள். ஐந்து அறைக்குப் பலகை அடிக்க வேண்டும். சனிக்கிழமை வந்து இங்கே பார்த்துவிட்டுத்தான் முடிவு என்று சொல்லியிருந்தாள். ஜீவனஹள்ளியில் அவன் பட்டறை இரண்டு மாதமாகச் சும்மா கிடந்தது.

"சரிவா அடிச்சா, ஜன்னலோட சேர்த்துப் பார்க்கிறப்போ கோணல் கண்ணுல குத்தும். நோராம்மா முதல்ல அதைத்தான் பார்ப்பாங்க. என் பேர் போயிடும்மா."

"நோரா வீட்டிலே நேரா அடி. இது என் வீடு."

கழற்றி அடித்தான்.

மறுநாள், சுவர் வயிறு தள்ளிய இடத்தில் சட்டத்தை நிறுத்தி, அந்தப் பக்கம் தொடங்கலாம் என்றான்.

"நடுவிலே அறுக்காதே. ஒரே ஓட்டமா போகணும்."

"வளைச்சுக் கொண்டு போகணுமே."

"வளை. அதுக்குத்தானே உன்னைக் கூப்பிட்டது?"

வளைத்தான். சட்டத்தின் மேல்விளிம்பை உருட்டி இழைக்கச் சொன்னாள். இழைத்தான். கண்ணை எங்கோ வைத்துக்கொண்டு உள்ளங்கையால் ஒரு முறை தடவினாள்.

"சிராய் இருக்கு."

மறுபடி இழைத்தான்.

கிளாரன்ஸ் நாற்காலியில் பேப்பரோடு உட்கார்ந்திருந்தார். "அவ சொல்றபடி செஞ்சுடுப்பா. வீட்டிலே நிம்மதி வேணுமில்லே?" என்று சிரித்தார்.

"உங்க நிம்மதிக்கு இப்போ என்ன வந்தது? பேப்பரைக் கொடுங்க இப்படி." தினமும் இதே கதைதான். அவர் கையிலிருந்து பிடுங்கி, சாவுச் செய்தியிலிருந்து துணி விளம்பரம் வரை அவளே உரக்கப் படித்து முடிப்பாள். புருஷனை நிம்மதியாகப் பேப்பர் பார்க்க விடாத மனுஷி என்று டொமினிக் நினைத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை புதிதாக ஒன்று வந்தது.

"படிக்கு ஒரு முழம் முன்னாலே, சட்டத்து மேல ஒரு பூ செதுக்கு."

"முன்பக்கமாம்மா?"

"மேல்னா மேல்தான்."

"மேல செதுக்கினா யார் பார்ப்பாங்க?"

"பார்க்கிறதுக்கு நான் ஆள் வச்சுக்கிறேன். நீ செதுக்கு."

சனிக்கிழமை மாலை ஜட்காவில் நோரா வந்து இறங்கினாள். ஹாலுக்குள் கால் வைத்ததுமே நின்றாள்.

"இதென்ன அண்ணி, சட்டம் ஒரு பக்கம் சாய்ஞ்சு கிடக்கு?"

"இருக்கட்டும். டீ ஆறுது, உள்ளே வா."

"ஈஸ்டருக்கு அண்ணன் அந்தப் படியிலே விழுந்து முட்டியைப் பேர்த்துக்கிட்டார். அந்தப் படியைச் சரிபண்ணத் தோணலை. அண்ணன் பென்ஷன்லே சுவருக்கு உடுப்புப் போட்டிருக்கீங்க."

"படியை எடுத்தா வாசக்காலும் கூட வருமாம். மேஸ்திரியைக் கேளு."

"அன்னைக்குச் செருப்பு வழுக்கிடுச்சு நோரா, வேறே ஒண்ணுமில்லே" என்றபடி கிளாரன்ஸ் எழுந்தார். "வாங்க, டீ குடிக்கலாம்."

அவர் கை சட்டத்தைத் தொட்டது. இடுப்பு உயரத்திலேயே சரிந்து இறங்கிய சட்டத்தோடு நடந்தார். சுவர் வளைந்த இடத்தில் கையும் வளைந்தது. பூ வந்ததும் கட்டைவிரல் நின்றது. ஓர் அடி வைத்தார். பிறகு காலை மெதுவாகக் கீழே நீட்டிப் படியைத் தேடி, இறங்கிப் போனார்.

டொமினிக் கையிலிருந்த உளியைக் கீழே வைத்தான்.

நோரா அண்ணனைப் பார்க்கவில்லை. சட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேஸ்திரி, உண்மையைச் சொல்லு. இது உன் வேலையா, அண்ணி சொல்லிச் செஞ்சியா?"

எல்லாம் அந்தம்மா சொன்னபடிதான் என்று இந்தக் கேள்விக்கு அவன் ஒரு வாரமாகப் பதில் தயார் செய்து வைத்திருந்தான்.

"என் கைப்பிசகும்மா" என்றான். "அவங்க நேராத்தான் கேட்டாங்க."

"நல்லவேளை, முன்னாடியே பார்த்தேன்" என்று நோரா உள்ளே போனாள்.

ஜோசஃபின் அங்கேயே நின்றாள். சட்டத்தில் இல்லாத தூசியைத் தட்டினாள்.

"பார்வை போயிட்டிருக்குன்னு எனக்குத் தெரியும்கிறது அவருக்குத் தெரியாது" என்றாள் தாழ்ந்த குரலில். "தெரியவும் வேண்டாம்."

பிறகு, உள்ளே கேட்கும்படி, வழக்கமான குரலில் சொன்னாள்:

"அந்தப் பூவை இன்னும் கொஞ்சம் ஆழமா வெட்டு, மேஸ்திரி. அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது."