கடைசிப் பனித்துளி

பியானோவின் வலது ஓரத்தில் இருந்த வெள்ளைக் கட்டைக்குக் காலையிலிருந்தே கவலை. அன்று கச்சேரியில் வாசிக்கப்போவது பனி பொழியும் ஊரைப் பற்றிய ஒரு சின்ன இசை. அதன் கடைசி ஸ்வரம் அவனுடையது. போன மழைக்கால ஈரத்தில் ஊறியபோது அவன் ‘டொக்’ என்றுதான் ஒலித்தான். அதற்குப் பிறகு அவனை யாரும் தொடவில்லை.

“பனி விழுற இடத்துல தேங்காய் விழப்போகுது அண்ணே,” என்றான் அருகிலிருந்த கறுப்புக் கட்டை.

“சும்மா இருடா.”

இசை மெல்லப் பொழிந்து முடியும் நேரம், விரல் அவனைத் தொட்டது.

‘டிங்.’

சித்திரை வெயில் அவனை நன்றாக உலர்த்தியிருந்தது.

முன்வரிசைப் பெரியவர் துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினார்.

“குளிருதாம் அண்ணே,” என்றான் கறுப்பு.

“தேங்காய் விழுந்ததுக்கா?” என்று கேட்டபடி, விரல் விலக, வெள்ளைக் கட்டை நிம்மதியாக மேலே எழும்பினான்.