கத்த ஓர் ஆள்

"காலையிலேர்ந்து மார்க் பட்டியல் திறக்கவே மாட்டேங்குது. இவரு என்னடான்னா ஏசி ரூம்ல உக்காந்து நாற்காலியைத் தேய்ச்சிட்டிருக்காரு," என்றார் தேர்வுப் பிரிவுத் தலைவி மேடம். பக்கத்தில் ஆய்வு அதிகாரி நிற்கிறாரே என்று குரலைக் குறைக்கவில்லை. கொஞ்சம் கூட்டியிருந்தார் என்றுகூடச் சொல்லலாம்.

நாற்காலியில் இருந்தவருக்குக் கல்லூரி முழுக்க 'சர்வர்' என்றுதான் பெயர். கல்லூரியின் சர்வரை ஒன்பது வருடமாகப் பார்த்துக்கொள்கிறவர். அவருடைய மாமனார் மட்டும் கல்யாணமாகி ஒரு வருடம்வரை, எந்த ஹோட்டல் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

அதிகாரியின் கையில் ஒரு பட்டியல் இருந்தது. கல்லூரிக்குத் தேவையில்லாத வேலைகளின் பட்டியல். மாலைக்குள் கையெழுத்தாக வேண்டும். அதில் ஏழாவது வரி, சர்வர்.

"தப்பா நினைக்காதீங்க," என்றார் அதிகாரி. "மூணு வருஷத்துல உங்க பிரிவைப் பத்தி ஒரு புகார்கூட இல்லை."

"நன்றி சார்."

"பாராட்டல. புகார் இல்லைன்னா வேலை இல்லைன்னு அர்த்தம். எங்க விதிமுறையில அப்படித்தான் இருக்கு."

ஒழுங்காகப் பார்த்த வேலை யார் கண்ணுக்கும் தெரியாது என்பதைப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று சர்வருக்குத் தெரியவில்லை. வீட்டில் போய் எப்படிச் சொல்வது என்பதும் தெரியவில்லை.

"அதான் இன்னிக்கு வந்திருக்கே புகார்," என்றார் மேடம். "எழுதிக்கோங்க. ஆளும் சரியில்ல, மெஷினும் சரியில்ல."

சர்வர் திரையில் ஒரு பட்டியலைத் திறந்தார்.

"இது ஒரே பெரிய கம்ப்யூட்டர் சார். அதையே உள்ளுக்குள்ள பதிமூணு கம்ப்யூட்டரா பிரிச்சு வச்சிருக்கேன். மார்க்குக்கு ஒண்ணு, நூலகத்துக்கு ஒண்ணு, விடுதிக்கு ஒண்ணு, இப்படி. ஒண்ணு இருக்கறது இன்னொண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொண்ணும் மொத்த வீடும் தன்னோடதுன்னு நினைச்சிட்டிருக்கும்."

"எங்க வீட்லயும் அப்படித்தான். அஞ்சு பேர்," என்றார் அதிகாரி.

சர்வர் விரல்விட்டு எண்ணினார். பதினாலு இருந்தது.

"யாரு இது புதுசா? மொத்த நினைவகமே நூத்தி இருபத்தெட்டு ஜிபி. இது ஒண்ணே அறுபத்துநாலை வளைச்சுப் போட்டிருக்கு. எல்லாரும் படுக்கற ரூம்ல ஒருத்தன் குறுக்கால படுத்துட்ட மாதிரி. பாவம், மார்க் மெஷின் வாசப்படியில நிக்குது."

"யாரு உருவாக்கினது?"

சர்வரின் கை மவுஸைச் சற்றே இழுத்தது. திரையின் வலது ஓரத்தில் இருந்த பத்தி சுருங்கி மறைந்தது.

"பேர் எதுவும் இல்ல சார்."

அதிகாரி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "மூணு வருஷம் ஒழுங்கா ஓடினது, நான் வர்ற நாள் பார்த்துப் படுக்குது."

"ஆமா சார்," என்றார் சர்வர்.

"சரி, அணைச்சிடுங்க."

"எடுத்த எடுப்புல அணைக்கக் கூடாது சார். உள்ள யாரோட வேலையாவது ஓடிட்டிருக்கலாம். முதல்ல நெட்வொர்க்கை மட்டும் துண்டிச்சிட்டுப் பத்து நிமிஷம் காத்திருப்போம். அதை நம்பி யாராவது இருந்தா ஃபோன் பண்ணிக் கத்துவாங்க. யாரும் கத்தலைன்னா, யாருக்கும் வேண்டாம்னு அர்த்தம்."

அதிகாரிக்கு முதல்முறையாகச் சுவாரசியம் தட்டியது. "ஆளுங்களையும் நாங்க இப்படித்தான் வேலையை விட்டு எடுக்கறோம்."

பத்து நிமிடம் மூவரும் மேசைமேல் இருந்த ஃபோனைப் பார்த்தபடி இருந்தார்கள். மின்விசிறிகள் இரைந்தன.

"ஃபோனைப் பார்க்கறதுக்கு ஒரு ஆளு, அந்த ஆளுக்கு ஒரு ரூமு," என்றார் மேடம், பொதுவாகச் சுவரிடம்.

ஃபோன் அடிக்கவில்லை. சர்வர் அந்தப் பதினாலாவதை அணைத்தார். அதோடு விடவில்லை. விடுதியில் இப்போது யாரும் இல்லை, அதற்கு எதற்கு இவ்வளவு என்று முணுமுணுத்தபடி, அங்கே கொஞ்சம் குறைத்து மார்க் மெஷினுக்குக் கொஞ்சம் கூட்டினார். மார்க் பட்டியல் மூன்று நொடியில் திறந்தது.

அதிகாரி மேடம் பக்கம் திரும்பினார். "இந்த ஆள் இல்லைன்னா இன்னிக்கு என்ன ஆகியிருக்கும்?"

"என்ன ஆகும்? ரிசல்ட் வராது. நாலாயிரம் பிள்ளைங்க என் தலையில ஏறி உக்காரும். நான் இவரைத் திட்டுவேன். இவரும் இல்லைன்னா உங்களுக்குத்தான் ஃபோன் பண்ணித் திட்டணும். உங்க நம்பர் எங்கிட்ட இருக்கு."

அதிகாரி பேனாவை எடுத்து ஏழாவது வரியை மட்டும் கோடு போட்டு நீக்கினார்.

"இந்த வேலை இருக்கட்டும். அடுத்த வருஷம் மறுபடி பார்க்கறேன்," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

மேடம் அவரைப் படிக்கட்டுவரை அனுப்பிவிட்டு வந்தார்.

"என்ன, பொழச்சோம்னு காலை நீட்டியாச்சா?"

"இல்ல மேடம்." சர்வர் மறைத்த பத்தியை விரித்து, திரையை அவர் பக்கம் திருப்பினார். "உருவாக்கியவர்ங்கற இடத்துல உங்க பேர் பளிச்சுன்னு இருக்கு. அடுத்த வருஷம் அவர் வர்ற அன்னிக்குப் பண்றப்ப முப்பத்திரண்டு ஜிபி போதும். அறுபத்துநாலு கொடுத்தா நிஜமாவே எல்லாம் படுத்துடும்."

மேடம் கதவைச் சாத்தினார்.

"நீங்க காமாலையில கிடந்தப்ப, புது மெஷின் உருவாக்க எனக்கு ஃபோன்ல சொல்லிக்கொடுத்த லட்சணம் அப்படி," என்றார், அன்று முதல்முறையாக மெதுவான குரலில்.