ஒரு தம்ளர் பழையது

மகள் ரெனிட்டா குடியேறிய அந்நிய ஊரில் அது மிகப் பழைய ஒயின் கிடங்கு. உள்ளே நுழைந்ததும் எஸ்கலினுக்குத் தன் தூத்துக்குடி வீட்டின் டிசம்பர் வாசம் அடித்தது. கிறிஸ்துமஸ் ஒயினுக்காக அவள் கணவர் செலஸ்டின் பீங்கான் ஜாடியின் வாய்க்கட்டை அவிழ்க்கும்போது வருகிற அதே வாசம்.

வழிகாட்டிப் பெண் சொன்னதை ரெனிட்டா தமிழில் சொன்னாள்.

"பிராந்தி சேர்த்த ஒயினாம்மா. எடுக்க எடுக்கப் புதுச ஊத்துவாங்களாம். பீப்பாய ஒருநாளும் அடியோட காலி பண்ண மாட்டாங்களாம். முத வருசத்து ஒயின் கொஞ்சம் இன்னும் உள்ள கெடக்காம்."

"உங்கப்பாவும் அப்படித்தான செஞ்சாவ."

கல்யாணமான வருஷத்து ஒயினில் ஒரு தம்ளரை அடுத்த வருஷ ஜாடியில் விட்டவர் செலஸ்டின். அதிலிருந்து ஒரு தம்ளர் அதற்கடுத்த வருஷத்துக்கு. "புதுசுக்குத் துணையா கெடக்கட்டும்" என்பார். அவர் போன பிறகு யாரும் ஒயின் போடவில்லை. கடைசித் தம்ளர் ஜாடியின் அடியிலேயே கிடந்தது.

ருசி பார்க்கக் கொடுத்ததில் ஒரு வாய் குடித்தவள், கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள். வீட்டைக் காலி செய்துகொண்டிருக்கும் மகனிடம், புறப்படும்போது அவள்தான் சொல்லியிருந்தாள், ஜாடியைக் கழுவிக் கவிழ்த்துவிடு என்று. சொன்ன வேலையை அன்றைக்கே செய்யாத சோம்பேறி என்று அவள் காலமெல்லாம் திட்டிய மகன்.

அங்கிருந்தே அவனைக் கூப்பிட்டாள். போனை எடுத்தான்.

"ஏல டெரன்ஸு, அந்த ஜாடி..."

"ஒரு நிமிசம்மா, கை ஈரமா இருக்கு."

அவன் குரலுக்குப் பின்னால் குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.