இன்னிக்கி அது கத்தல

நெல் அவிக்கிற பாய்லருக்கு உமி தள்ளுறது என் வேலை. பாய்லர் தலையில ஒரு வால்வு இருக்கு. ஆவி ஜாஸ்தியானா வீல்னு கத்தும். கத்தினா நான் களத்துக்கு ஓடிடுவேன். போன மில்லுல பாய்லர் வெடிச்சு, பக்கத்துல நின்னவன் முதுகு வெந்ததை இந்தக் கண்ணால பார்த்தவன் நான்.

களத்துல நெல் துழாவுற பொம்பளைங்களுக்கு அது கூத்து.

"மாமா வராரு, வழி வுடுங்கடி!" என்பாள் கலையரசி.

பாய்லரைப் பார்த்துக்கற ஜீவா மட்டும் சிரிக்கமாட்டான். "கத்தினா நல்லதுங்க மாமா, ஆவி வெளிய போவுது. கத்தலன்னாதான் பயப்படணும்" என்பான்.

படிச்சவன் பேச்சு. நான் நம்பல.

இன்னிக்கி ஜீவா லீவு. காலையிலேர்ந்து வால்வு கத்தவே இல்ல. நிம்மதியா உமி தள்ளிக்கினு இருந்தேன்.

மூட்டை தூக்கற பிச்சைமுத்து வந்து பல்லைக் காட்டினான். "எப்படிண்ணே, சத்தமே இல்ல பாத்தியா?"

"இன்னாடா செஞ்ச?"

"நீ ஓடறதும் அதுங்க சிரிக்கறதும் எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சுண்ணே. மேல ஏறி வால்வைக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டிட்டேன். இனிமே கத்தாது."

ஆவி அளவு காட்டுற மீட்டரைப் பார்த்தேன். முள்ளு சிவப்புக் கோட்டைத் தாண்டி நடுங்கிக்கினு இருந்துது. அடுப்புல நான் தள்ளின உமி தகதகன்னு எரியுது.

பிச்சைமுத்து கையைப் பிடிச்சு இழுத்துக்கினு களத்துக்கு ஓடினேன். பொம்பளைங்க சிரிச்சாங்க.

"இன்னா மாமா, அது கத்தவே இல்லியே, எதுக்கு ஓடியாறீங்க?" என்றாள் கலையரசி.

"கத்தலடி! அதான் ஓடறேன், நீங்களும் ஓடுங்கடி!"