சிவப்புப் பொத்தான்

படகுச் சாமான் கடையில், அந்தத் தம்பதியின் முன் இரண்டு ஜிபிஎஸ் கருவிகளை இயக்கி வைத்தாள் விற்பனைப் பெண்.

"சின்னப் பாய்மரப் படகுதானே சார்? இதுல திரை பெரிசு, விலையும் கம்மி. அதுல திரை சின்னது, ஆனா இந்தச் சிவப்பு பட்டன் இருக்கு. யாராவது தண்ணியில விழுந்தா உடனே அழுத்திடணும், கருவி கத்தும், விழுந்த இடம் பதிஞ்சிடும். பாய்மரத்தை நினைச்ச இடத்துல நிறுத்த முடியாதே! சுத்தித் திரும்பறதுக்குள்ள எந்த அலைன்னே தெரியாம போயிடும். திரையில வர்ற அம்பு அங்கேயே கூட்டிட்டுப் போகும்."

"அதையே குடும்மா," என்றார் கணவர்.

"எதுக்கு? படகுல இருக்கறதே போதும்," என்றாள் மனைவி.

விற்பனைப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்தது. "வழக்கமா அம்மாங்கதான் பாதுகாப்பு கேப்பாங்க, சாருங்க விலையைப் பாப்பாங்க. இங்க தலைகீழா இருக்கே!"

இருவரும் சிரிக்கவில்லை.

"போன வருஷம் நானும் இந்தப் பட்டனைத்தாம்மா கேட்டேன். 'அபசகுனமா பேசாதே, யாரு விழப்போறா'ன்னு இவர் பெரிய திரையை வாங்கினார்," என்றாள் மனைவி.

"இப்பவாவது சாருக்கு மனசு வந்துச்சே!" என்றாள் விற்பனைப் பெண்.

"அப்பாவும் பையனுமா போனாங்க. இவர் மட்டும் திரும்பி வந்தார். சுத்திச் சுத்தித் தேடினாராம், எந்த அலைன்னு தெரியலையாம்." மனைவி கைப்பையை எடுத்துக்கொண்டாள். "இனிமே விழறதுக்கு எங்க வீட்ல யாரு இருக்கா?"

கணவருடைய கட்டைவிரல் சிவப்புப் பொத்தானை அழுத்தியபடியே இருந்தது. கருவி கத்திக்கொண்டே இருந்தது. சின்னத் திரையில் அம்பு, அவர் நின்ற இடத்தையே காட்டியது.