வினிஃப்ரெட்டின் பரீட்சை

அம்மா இருக்கும் முதியோர் இல்லத்துக்கு ஹிலரி வந்து சேர்வதற்குள், நகராட்சியிலிருந்து வந்த பெண் அவரை விசாரித்துவிட்டுப் போயிருந்தாள்.

"நான் வர்ற வரைக்கும் அவளை இருக்கச் சொல்லுன்னேனேம்மா!"

"நீ எதுக்குடி? பிரமாதமாப் பண்ணிட்டேன்" என்றார் வினிஃப்ரெட். எண்பத்து நான்கு வயது. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் முப்பது வருடம் தலைமையாசிரியை. "மூணு வாரம் பழகினது வீண் போகலை. பொத்தானெல்லாம் நானே போட்டேன். தேதி கேட்டா, கிழமையும் சேத்துச் சொன்னேன். கைத்தடி இல்லாம ஜன்னல் வரைக்கும் நடந்தேன். அசந்துட்டா!"

ஹிலரி கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தாள். "போன வாரம் ரெண்டு தடவை விழுந்ததைச் சொன்னியா?"

"சொன்னா பெயிலாக்கிட மாட்டாளா?"

"அம்மா, நீ கவலைப்படுவேன்னுதான் உன்கிட்ட இதைச் சொல்லலை. நகராட்சியில இந்த இல்லத்துக்குக் குடுக்கற பணத்தைக் குறைச்சுட்டாங்க. யாரு நல்லா இருக்காங்க, யாரை வீட்டுக்கு அனுப்பலாம்னு பாக்கத்தான் அவ வந்தா."

வினிஃப்ரெட் கைத்தடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். விழுவதைவிட, விழுந்தேன் என்று சொல்வதுதான் அவருக்கு எப்போதும் கடினம்.

"மறுபரீட்சை உண்டா?"

"மேல்முறையீடு பண்ணலாம்."

"பண்ணு. இந்தத் தடவை எல்லாத்தையும் சொல்லிடறேன்" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆனா நீ பக்கத்துலயே இரு. யாராவது கேள்வி கேட்டா, முழு மார்க் வாங்காம என்னால இருக்க முடியாது."