கள்ளித் தொட்டி

டிசம்பர் பிறந்தும் மாமியாரின் கிறிஸ்துமஸ் கள்ளி மொட்டு வைக்கவில்லை. தண்டுகள் சுருங்கி, கணுக் கணுவாக உதிர்ந்துகொண்டிருந்தன. வேர் அழுகியிருக்கும், மண்ணை மாற்றினால் பிழைக்கும் என்று ஹெப்சி பீரோ மேலிருந்த தொட்டியை இறக்கி, மாமியாரின் கட்டிலருகே செய்தித்தாளில் கவிழ்த்தாள்.

மண்ணோடு மாத்திரைகள் கொட்டின. அடியில் கிடந்தவை கரைந்து கூழாகியிருந்தன. மேலே கிடந்தவை இன்னும் முழுசாக, அந்தக் கள்ளிப் பூவின் அதே இளஞ்சிவப்பில் இருந்தன. மாமியாரின் பிரஷர் மாத்திரைகள்.

வாதம் வந்ததிலிருந்து மாமியாரால் எழவோ கையைத் தூக்கவோ முடியாது. பேச்சு மட்டும் மிச்சம். வேறு யாரையும் தொடவிடாமல், தினமும் கதவைச் சாத்தி, ஜெபம் பண்ணி மாத்திரை கொடுப்பவன் அவள் மகன் செல்வின், ஹெப்சியின் கணவன். "பெத்தவள என்னமா பாக்கான்" என்று சபையே மெச்சுகிறது.

ஹெப்சியின் கை மண்ணிலேயே நின்றுவிட்டது. "அத்தை... இது..."

மாமியார் மாத்திரைகளைப் பார்க்கவில்லை. வாசலில் செல்வினின் பைக் வந்து நின்ற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சீக்கிரம் மண்ண அள்ளிப் போட்டு மூடிரும்மா," என்றாள். "பாத்தான்னா சங்கடப்படுவாம்லா."